வறுமையா, வறுமை பற்றிய அச்சமா? உலகெங்கும் குறைந்து வரும் குழந்தைப் பிறப்பு

2023-ஆம் ஆண்டில் தென்கொரியாவில் பிறந்த குழந்தைகள் சுமார் 2 லட்சத்து 30 ஆயிரம். 1970-இல் அதே நாட்டில் பிறந்தவை சுமார் 10 லட்சம். அன்று அது ஏழை நாடு. இன்று உலகின் செல்வந்த நாடுகளில் ஒன்று. அந்நாட்டின் கைப்பேசியும் காரும் நம் ஊர்த் தெருக்கள் வரை வந்துவிட்டன. சோற்றுக்குத் திண்டாடிய காலத்தில் பிள்ளைகளைப் பெற்று வளர்த்த மக்கள், செல்வம் சேர்ந்த காலத்தில் 'எங்களால் முடியாது' என்கிறார்கள். இது ஏன் என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

முதலில் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்வோம். ஒரு நாட்டின் மக்கள்தொகை கூடாமலும் குறையாமலும் நிலைத்திருக்க, ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக 2.1 குழந்தைகளைப் பெற வேண்டும். தாய்க்கு ஒன்று, தந்தைக்கு ஒன்று. பருவம் எய்தும் முன்பே இறந்துவிடும் பிள்ளைகளையும், பெண்ணை விட ஆண் குழந்தைகள் சற்று அதிகமாகப் பிறப்பதையும் ஈடுகட்டவே அந்த 0.1. 1960-களில் உலகச் சராசரி 5 அளவில் இருந்தது. 1990-இல் 3.3 ஆனது. 2024-இல் ஐ.நா. வெளியிட்ட மதிப்பீட்டின்படி 2.25. உலக மக்கள்தொகை 2080-களின் நடுவில் சுமார் 1,030 கோடியைத் தொட்டு, அதன் பிறகு இறங்கத் தொடங்கும் என்பது அந்த மதிப்பீடு.

தென்கொரியாவின் சராசரி 2023-இல் 0.72. தலைநகர் சியோலில் 0.55. அடுத்த ஆண்டு நாட்டின் சராசரி 0.75 ஆனபோது, ஒன்பது ஆண்டுகளில் முதல் உயர்வு என்று அதுவே அங்கு பெரிய செய்தியானது.

வெடிக்கும் என்றார்கள்

நாம் பள்ளியில் படித்த காலத்தில் 'மக்கள்தொகைப் பெருக்கம்' என்பது தவறாமல் வரும் கட்டுரைத் தலைப்பு. பேருந்திலும் சுவரிலும் சிவப்பு முக்கோணம். 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்ற வாசகம் சிறிது காலத்தில் 'நமக்கு ஒருவர்' என்று சுருங்கியது. 1798-இல் மால்தஸ் தொடங்கி வைத்த அச்சம் இது. மக்கள் பெருகும் வேகத்துக்கு உணவு பெருகாது என்றார் அவர். 1968-இல் பால் எர்லிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் மக்கள்தொகையை வெடிகுண்டு என்றே அழைத்து ஒரு நூல் எழுதினார். 1970-களில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் சாவார்கள் என்றார். அப்படி நடக்கவில்லை. ஆனால் அந்த அச்சத்தைக் காட்டி நடந்தவை பல.

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே ஆண்டில், நம் நாட்டில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. இன்றைய ஹரியானாவின் மேவாத் பகுதியில் உள்ள உட்டாவர் என்ற முஸ்லிம் கிராமத்தை 1976 நவம்பரில் காவல்துறை சுற்றி வளைத்து, ஆண்களை அள்ளிச் சென்று அறுவை செய்தது. சீனா 1980 முதல் 2015 வரை 'ஒரே குழந்தை' என்ற சட்டத்தை இரும்புக்கரம் கொண்டு நடத்தியது. அந்த ஒன்று ஆணாக இருக்கட்டும் என்று எத்தனையோ பெண் சிசுக்கள் கருவிலேயே அழிக்கப்பட்டன. 2010-இல் அங்கே 100 பெண் குழந்தைகளுக்கு 118 ஆண் குழந்தைகள் பிறந்தன. உயிருடன் புதைக்கப்பட்ட பெண் குழந்தையிடம் 'எந்தக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டாய்' என்று மறுமையில் கேட்கப்படும் என எச்சரிக்கும் இறைவசனங்கள் (81:8,9) அறியாமைக் காலத்து அரபிகளோடு முடிந்துபோனவை அல்ல என்பது அப்போது புரிந்தது.

அதே சீனா 2016-இல் இரண்டு பிள்ளைகளுக்கும், 2021-இல் மூன்று பிள்ளைகளுக்கும் அனுமதி தந்தது. பயனில்லை. 2022-இல் அதன் மக்கள்தொகை அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாகக் குறைந்தது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பிறப்பு குறைந்ததெல்லாம் கெடுதல் அல்ல. நம் பாட்டிமார் பத்துப் பெற்று நான்கைந்தைக் கபரில் வைத்தவர்கள். பதினைந்து வயதில் தாயாகி, முப்பத்தைந்தில் உடல் தேய்ந்து போனவர்கள் எத்தனையோ பேர். தடுப்பூசி வந்தது, மருத்துவம் வந்தது, பெண் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்ததும் பேறுகள் தாமாகவே குறைந்தன. ஆறிலிருந்து இரண்டரைக்கு இறங்கிய அந்தப் பயணத்தில் அல்லாஹ்வின் அருள் நிறையவே உண்டு. இரண்டிலிருந்து ஒன்றுக்கும் அதற்குக் கீழும் இறங்குவதே இன்றைய சிக்கல்.

பணம் வந்தது, பிள்ளை வரவில்லை

கொரிய அரசு சும்மா இருக்கவில்லை. 2006 முதல் பிறப்பு விகிதத்தை உயர்த்த 300 லட்சம் கோடி வோனுக்கும் அதிகமாகச் செலவிட்டிருக்கிறது. பிறந்த குழந்தைக்கு ரொக்கம், மாதாந்திர உதவித்தொகை, குழந்தைக் காப்பகம், தந்தைக்கும் விடுப்பு. 2024-இல் ஒரு கட்டுமான நிறுவனம், தன் ஊழியர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் 10 கோடி வோன் தருவதாக அறிவித்தது. நம் பணத்தில் 60 லட்சம் ரூபாய். அதே ஆண்டு ஜூன் மாதம் அந்நாட்டு அதிபர் இதைத் தேசிய நெருக்கடி என்றே அறிவித்தார்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் மறுக்கிறார்கள்? மூன்று காரணங்கள் முன்னால் நிற்கின்றன.

முதலாவது, வீடு. கொரிய வழக்கப்படி திருமணம் என்றால் மாப்பிள்ளை வீட்டார் புதுமணத் தம்பதிக்கு வீடு ஏற்பாடு செய்ய வேண்டும். பெண் வீட்டார் வீட்டுச் சாமான்களும் மாப்பிள்ளை வீட்டுக்குச் சீரும் கொண்டுவர வேண்டும். சியோலில் வீட்டு விலை எட்டாத உயரத்துக்குப் போனபோது, அந்த வழக்கமே திருமணத்துக்குப் பூட்டு போட்டுவிட்டது. 2013-இல் 3 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேல் இருந்த திருமணங்கள், 2023-இல் 2 லட்சத்துக்கும் கீழே வந்தன. திருமணத்துக்கு வெளியே குழந்தை பெறுவது அங்கே இன்னும் மிகக் குறைவு. ஆகவே திருமணம் தடைபட்டால் தொட்டிலும் தடைபடுகிறது.

இரண்டாவது, படிப்பு. 2024-இல் கொரியப் பெற்றோர் தனிப்பயிற்சி வகுப்புகளுக்கு மட்டும் செலவிட்ட தொகை சுமார் 29 லட்சம் கோடி வோன். பள்ளிப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் ஏதேனும் ஒரு தனிப்பயிற்சிக்குப் போகிறார்கள். ஒரு பிள்ளையை 'முன்னுக்குக் கொண்டுவர' இவ்வளவு என்றால் இரண்டாவது எங்கே வரும்?

மூன்றாவது, வேலை. வாரத்துக்கு 69 மணி நேரம் வரை வேலை வாங்க வழி செய்யும் திட்டத்தை 2023-இல் அரசு முன்வைத்தது. இளைஞர்களின் கடும் எதிர்ப்பால் பின்வாங்கியது. ஆண் 100 வோன் வாங்கும் இடத்தில் பெண் சுமார் 70 வோன் வாங்குகிறாள். வளர்ந்த நாடுகளில் இதுவே ஆகப் பெரிய இடைவெளி. பிள்ளை பெற்றவளுக்கு அந்த வேலையும் நிலைக்காது. வீட்டு வேலை முழுவதும் அவள் தலையில். நான்கு பக்கமும் இப்படி அடைத்துவிட்டு, 'பெற்றுக்கொள்' என்று பணத்தை நீட்டினால் அவள் எதை நம்பிப் பெறுவாள்?

பிள்ளைப் பாசம் வற்றிவிட்டது என்றும் சொல்லிவிட முடியாது. ஐ.நா. மக்கள்தொகை நிதியம் 2025-இல் வெளியிட்ட அறிக்கைக்காக, இந்தியாவும் கொரியாவும் உட்பட 14 நாடுகளில் சுமார் 14 ஆயிரம் பேரிடம் கேட்டார்கள். ஐந்தில் ஒருவர், தாம் விரும்பும் எண்ணிக்கையில் பிள்ளைகளைப் பெற முடியாது என்று கருதுகிறார். காரணம் கேட்டபோது 39 சதவீதம் பேர் பணத்தட்டுப்பாட்டைச் சொன்னார்கள். எதிர்காலம் பற்றிய அச்சத்தைச் சொன்னவர்களும் கணிசம். வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. துணிவு இல்லை.

முஸ்லிம் நாடுகள் விதிவிலக்கா?

'இது மேற்கத்திய வாழ்க்கை முறையின் நோய், நமக்கு வராது' என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஈரானைப் பாருங்கள்.

1979 புரட்சிக்குப் பின் ஈரானில் பிறப்பு விகிதம் 6-க்கும் மேல் இருந்தது. 1976-இல் 3 கோடியே 37 லட்சமாக இருந்த மக்கள்தொகை, 1986 கணக்கெடுப்பில் 5 கோடியை நெருங்கியது. எட்டாண்டுப் போர் முடிந்தபோது பொருளாதாரம் நொறுங்கிக் கிடந்தது. 1989-இல் அரசு குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. மார்க்க அறிஞர்கள் ஆதரித்தார்கள். ஜும்ஆ உரைகளில் பேசப்பட்டது. கிராமங்கள் தோறும் சுகாதார இல்லங்கள் வழியாகக் கருத்தடைச் சாதனங்கள் இலவசமாகத் தரப்பட்டன. திருமணத்துக்கு முன் குடும்ப நல வகுப்பு கட்டாயமானது. அதே காலத்தில் கிராமத்துப் பெண் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் பள்ளிக்குப் போனார்கள். ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் விகிதம் 2 அளவுக்கு இறங்கியது. உலக வரலாற்றில் இவ்வளவு வேகமான சரிவு அரிது.

பிறகு அது 2-க்கும் கீழே போனது. 2012-இல் உயர் தலைவர் அலீ காமெனெயி, கட்டுப்பாட்டுக் கொள்கையை 1990-களுக்குப் பிறகும் தொடர்ந்தது தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 2021-இல் புதிய சட்டம் வந்தது. இலவசக் கருத்தடைச் சாதனங்கள் நிறுத்தப்பட்டன. திருமணக் கடன், பிள்ளைகள் அதிகமுள்ள குடும்பங்களுக்குச் சலுகைகள் அறிவிக்கப்பட்டன. விகிதம் ஏறவில்லை. பொருளாதாரத் தடை, விலைவாசி, தெஹ்ரானின் வீட்டு வாடகை, படித்தும் வேலையில்லாத இளைஞர்கள் என்ற நிலையில் அறிவிப்புகள் மட்டும் என்ன செய்யும்? குறைத்துக்கொள் என்றபோது குறைத்துக்கொண்ட மக்கள், கூட்டிக்கொள் என்றபோது அசையவில்லை.

துருக்கியின் அதிபர் எர்துவான் 2008 முதலே 'குறைந்தது மூன்று' என்று சொல்லி வருகிறார். 2001-இல் 2.38 ஆக இருந்த விகிதம் 2024-இல் 1.48. பங்களாதேஷில் 1970-களில் 6-க்கும் மேல் இருந்தது, இன்று 2-ஐ ஒட்டி நிற்கிறது. சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் சராசரி இன்னும் 4-க்கு மேல்; அங்கும் அது இறங்குமுகம்தான்.

தனிமையில் முடியும் வாழ்க்கை

விளைவுகளைப் பேசும்போது பொருளாதார நிபுணர்கள் ஓய்வூதியம், தொழிலாளர் பற்றாக்குறை, மூடப்படும் பள்ளிகள் என்று பட்டியல் இடுவார்கள். எல்லாம் உண்மையே. ஜப்பானில் ஒரு பெரிய காகித நிறுவனம் 2024-இல் உள்நாட்டுச் சந்தைக்கான குழந்தை டயப்பர் தயாரிப்பை நிறுத்திவிட்டு, முதியோர் டயப்பரில் கவனம் செலுத்தத் தொடங்கியது. அந்நாட்டில் 90 லட்சம் வீடுகள் ஆளின்றிக் கிடக்கின்றன. 2024-இல் அங்கே தம் வீட்டில் தனியாக இருந்த நிலையில் இறந்து கிடந்தவர்கள் 76 ஆயிரம் பேர். அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் 65 வயதைக் கடந்தவர்கள். இப்படிப்பட்ட மரணத்துக்கென்று ஜப்பானிய மொழியில் தனிச்சொல்லே உண்டு.

ஆள் குறைந்தால் வெளியிலிருந்து அழைக்க வேண்டியதுதான். கொரியாவின் தொழிற்சாலைகளில் பங்களாதேஷ், இலங்கை, நேபாளம், இந்தோனேசியா நாட்டவர் உழைக்கிறார்கள். பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர்களைத் தேடுகின்றன. ஆனால் தேகு நகரில், அப்படி வந்த முஸ்லிம் மாணவர்கள் பல்கலைக்கழகத்தின் அருகே ஒரு சிறிய பள்ளிவாசல் கட்ட முற்பட்டபோது, எதிர்ப்பாளர்கள் கட்டுமான இடத்தின் முன் பன்றித் தலைகளை வைத்தார்கள். பன்றி இறைச்சி விருந்து நடத்தினார்கள். 2022-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கட்டுமானத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த பிறகும் இது நடந்தது. உழைக்கும் கைகள் வேண்டும், தொழும் நெற்றி வேண்டாம் என்ற இந்த முரண்பாட்டை இனி பல நாடுகளில் பார்க்கப் போகிறோம்.

எல்லாவற்றையும் விட நம்மைக் கலங்க வைப்பது வேறொன்று. ஒரே பிள்ளையாக வளர்ந்த இருவர் மணந்து, அவர்களும் ஒரே பிள்ளையைப் பெற்றால், அந்தப் பிள்ளைக்கு சாச்சா இல்லை, மாமா இல்லை, பெரியம்மா இல்லை, மாமி இல்லை. மச்சான், மதினி, ராத்தா, காக்கா என்ற சொற்களையெல்லாம் அது அகராதியில்தான் பார்க்கும். பெருநாளன்று ஸலாம் சொல்லிப் பெருநாள் காசு வாங்க அதற்கு எத்தனை வீடு இருக்கும்? மதரசாவில் ஃபராயிள் பாடம் படித்தவர்களுக்குத் தெரியும். இஸ்லாமிய வாரிசுரிமைச் சட்டம் சகோதரன், சகோதரி, தந்தையின் சகோதரன், அவர் பிள்ளைகள் என்று விரிந்த ஓர் உறவு வலையை முன்வைத்தே பேசுகிறது. அந்தப் பங்குகளோடு பொறுப்புகளும் பின்னிக் கிடக்கின்றன. தந்தை இறந்தால் சாச்சா தாங்குவார், தாய் படுத்துவிட்டால் சாச்சி கவனிப்பாள் என்பதே நம் காப்பீடு. முதுமை எய்திய பெற்றோரிடம் 'சீ' என்று கூடச் சொல்லாதே என்ற கட்டளையை (17:23) நான்கு பிள்ளைகள் பகிர்ந்து நிறைவேற்றுவதற்கும், நான்கு முதியவர்களை ஒரே பிள்ளை சுமப்பதற்கும் உள்ள தூரத்தை எண்ணிப் பாருங்கள்.

நம் நாட்டில் ஒரு பொய்

இவ்வளவு நடந்துகொண்டிருக்கும்போது, 'முஸ்லிம்கள் பெருகி நாட்டைப் பிடித்துவிடுவார்கள்' என்ற பேச்சும் இங்கே ஓயவில்லை. அரசின் தேசியக் குடும்ப நல ஆய்வே இதற்குப் பதில் சொல்கிறது. 1992-93 ஆய்வில் முஸ்லிம் பெண்களின் சராசரி 4.4. 2019-21 ஆய்வில் 2.4. அதே காலத்தில் இந்துப் பெண்களின் சராசரி 3.3-இலிருந்து 1.9-க்கு வந்தது. முஸ்லிம்களிடையே சரிவு அதிகம். இடைவெளி பாதிக்கு மேல் சுருங்கிவிட்டது.

எல்லா மதத்தவரும் சேர்ந்த பீகார் மாநிலத்தின் சராசரி 3.0. அது நாட்டின் முஸ்லிம் சராசரியை விட அதிகம். பள்ளிக்கே போகாத பெண்களின் சராசரி 2.8, பன்னிரண்டு ஆண்டுகள் அல்லது அதற்கு மேல் படித்தவர்களின் சராசரி 1.8. ஆக, எண்ணிக்கையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் படிப்பும் வசதியும் வாழும் இடமுமே.

தமிழகத்தின் சராசரி அதே ஆய்வில் 1.8. கட்டுப்பாட்டை ஒழுங்காகக் கடைப்பிடித்த மாநிலம், தொகுதி மறுவரையறை வரும்போது நாடாளுமன்ற இடங்களை இழக்கலாம் என்ற கவலை எழுந்துள்ளது. அதனால்தான் நேற்றுவரை 'குறைத்துக்கொள்' என்ற அரசியல் இன்று தொனியை மாற்றுகிறது. 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு அதிகப் பிள்ளைகள் வேண்டும் என்றார். அதே மாதம், அப்போது தமிழக முதல்வராக இருந்த ஸ்டாலின், ஒரு திருமண விழாவில் 'பதினாறும் பெற்று' என்ற வாழ்த்தைப் புதிய பொருளில் நினைவுபடுத்தினார்.

தொகுதிக் கணக்குக்காகவோ, யார் அதிகம் என்ற போட்டிக்காகவோ பிள்ளை பெறச் சொல்லும் குரல் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் நமக்கு ஏற்புடையதன்று. தம் உம்மத்தின் எண்ணிக்கை கண்டு மறுமையில் பெருமைப்படுவதாக நபி (ஸல்) கூறிய செய்தி அபூதாவூதில் இருக்கிறது. எண்ணிக்கையில் அதிகமிருந்தும் வெள்ளத்து நுரை போல ஆகிவிடும் ஒரு காலம் வரும் என்று அவர்கள் எச்சரித்த செய்தியும் அதே அபூதாவூதில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இரண்டு வசனங்கள்

வறுமையின் காரணமாகப் பிள்ளைகளைக் கொல்வதைத் தடுத்து அல்லாஹ் இரண்டு இடங்களில் பேசுகிறான். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத் தோன்றும். விரிவுரையாளர்கள் ஒரு நுட்பமான வேறுபாட்டைச் சுட்டிக்காட்டுவார்கள். 6:151-இல் பேசப்படுவது ஏற்கெனவே வந்துவிட்ட வறுமை. அங்கே பெற்றோருக்கு உணவளிப்பதை முதலிலும் பிள்ளைகளுக்கு அளிப்பதை அடுத்தும் இறைவன் வாக்களிக்கிறான். ஏனெனில் இப்போது பசித்திருப்பவர் தந்தை. 17:31-இல் பேசப்படுவது இனி வந்துவிடுமோ என்ற வறுமையின் அச்சம். அங்கே வரிசை மாறுகிறது. பிள்ளைகளின் உணவு முதலிலும் பெற்றோரின் உணவு அடுத்தும் வருகிறது. ஏனெனில் 'வரப்போகும் பிள்ளைக்கு என்ன செய்வேன்' என்பதே அவன் கவலை.

வறுமை வேறு, வறுமையின் அச்சம் வேறு. சியோலிலும் டோக்கியோவிலும் இருப்பது இரண்டாவது. வயிறு நிறைந்திருக்கிறது, மனம் நாளையை எண்ணி நடுங்குகிறது. அந்த நடுக்கம் ஏழைகளை விட நடுத்தர வர்க்கத்தையே அதிகம் பிடிக்கிறது. 1970-இல் கொரியனிடம் இருந்த வறுமைக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள். 2023-இல் அவனைப் பிடித்திருக்கும் அச்சத்துக்குப் பணத்தையே மருந்தாகக் கொடுத்துப் பார்த்துத் தோற்றிருக்கிறார்கள்.

இந்த வசனங்களை எடுத்து, பிள்ளைகளுக்கிடையே இடைவெளி விடும் தம்பதியரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது தவறு. வசனம் தடுப்பது கொலையை. குர்ஆன் இறங்கிக்கொண்டிருந்த காலத்தில் தாம் 'அஸ்ல்' செய்து வந்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. இமாம் கஸ்ஸாலி தம் 'இஹ்யா'வில், மனைவியின் உடல்நலமும் அழகும் கெடாமலிருக்கவும், பிள்ளைகள் பெருகுவதால் வரும் மிகுந்த சிரமத்தைத் தவிர்க்கவும் அதற்கு இடமுண்டு என்றே எழுதினார். இரண்டு ஆண்டு பாலூட்டலைப் பற்றிக் குர்ஆன் பேசுவதும் (2:233) தாயின் உடலுக்குத் தரும் மதிப்பே. பிள்ளையே இல்லாதவர்களையும் நாம் நோகடிக்கக் கூடாது. நம் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் அவர்களின் மதிப்பு அணுவளவும் குறையவில்லை.

அச்சத்தை விதைப்பது யார்?

இப்போது நம் பக்கம் திரும்புவோம். 'ரிஸ்க் அல்லாஹ்வின் கையில்' என்று மிம்பரில் பேசுகிறோம். அது முற்றிலும் உண்மை. ஆனால் அதே ஜும்ஆவைக் கேட்டுவிட்டுப் போகும் ஓர் அத்தா, தம் மகளின் நிகாஹுக்கு எத்தனை பவுன், எந்த மண்டபம், எத்தனை சஹன் என்ற கணக்கில் மூழ்குகிறார். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களிலும், இலங்கையின் கிழக்குக் கரையிலும் மகளுக்கு வீடு கொடுத்து மணமுடிக்கும் வழக்கம் உண்டு. பெண்ணுக்குப் பாதுகாப்பாக முன்னோர் ஏற்படுத்திய நல்ல வழக்கம் அது. மனை விலையும் கட்டுமானச் செலவும் இன்றுள்ள நிலையில், 'வீடு இருந்தால்தான் மாப்பிள்ளை' என்று அது இறுகும்போது, சியோல் மாப்பிள்ளையின் கதையும் நம் பெண்ணின் கதையும் ஒன்றாகிவிடுகின்றன. மூன்று பெண் மக்களைப் பெற்ற தந்தையின் முகத்தைப் பார்த்த இளைஞன், தனக்கு ஒன்று போதும் என்று முடிவெடுத்தால் அவனை மட்டும் குறை சொல்ல முடியுமா?

நிகாஹ் முடிந்தால் செலவு முடிகிறதா? முதல் பிரசவம் பெண் வீட்டார் பொறுப்பு. தமிழகத்தில் 2019-21 ஆய்வின்படி 100 பிரசவங்களில் 45 அறுவைப் பிரசவம். தனியார் மருத்துவமனைகளில் 60-க்கும் மேல். பிறகு பெயர் சூட்டு விருந்து, தொட்டில் சீர், மூன்று வயதில் பள்ளிக் கட்டணம். கணவன் வளைகுடாவில், மனைவி இங்கே. ஆண்டுக்கோ இரண்டாண்டுக்கோ ஒருமுறை முப்பது நாள் விடுப்பு. இந்த வாழ்க்கையில் அச்சம் முளைக்காமல் என்ன செய்யும்?

அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) மதீனாவில் மணமுடித்ததை நபி (ஸல்) அவர்கள் எப்படி அறிந்தார்கள் தெரியுமா? அவர் மீது மஞ்சள் வாசனைப் பொருளின் அடையாளத்தைப் பார்த்து, என்ன இது என்று கேட்ட பிறகுதான். ஓர் ஆட்டைக்கொண்டேனும் வலீமா கொடுக்கும்படி சொன்னார்கள். அண்ணலார் அதே ஊரில் இருந்தும், தெரியாமலேயே ஒரு நிகாஹ் நடந்து முடியும் அளவுக்கு அது எளிதாக இருந்தது. இரும்பு மோதிரம் கூட இல்லாத ஏழைக்கு, அவருக்குத் தெரிந்த குர்ஆன் அத்தியாயங்களுக்காக மணமுடித்து வைத்த செய்தியும் புகாரியில் உள்ளது. மணமாகாதவர்களுக்கு மணமுடித்து வைக்கும்படி சமுதாயத்தைப் பார்த்துக் கட்டளையிட்டு, அவர்கள் ஏழைகளாக இருந்தால் தன் அருளால் செல்வமளிப்பதாக இறைவன் வாக்களிக்கிறான் (24:32). வாக்கு அவனுடையது. எளிதாக்கும் பொறுப்பு நம்முடையது.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியவை கைக்கு எட்டாதவை அல்ல. வரதட்சணை வாங்கும் நிகாஹுக்குப் பதிவேடு தருவதில்லை என்ற முடிவைச் சொல்லளவில் விடாமல் நடைமுறைப்படுத்தலாம். பள்ளிவாசலிலேயே நிகாஹ், ஒரே ஒரு வலீமா என்று ஊர்க் கட்டுப்பாடு கொண்டுவரலாம். வசதி படைத்தவர் முதலில் கீழ்ப்படிந்தால் மற்றவர் தொடர்வார்கள். பைத்துல்மாலில் பிரசவ உதவிக்கும் கல்விக் கட்டணத்துக்கும் வட்டியில்லாக் கடன் ஒதுக்கலாம். பள்ளிவாசல் வளாகத்தில் குழந்தைக் காப்பகம் வைத்தால், படித்த பெண் பிள்ளைகள் தாய்மையா வேலையா என்று தவிக்க வேண்டியதில்லை. ஆண்களுக்கும் ஒரு பாடம் உண்டு. வீட்டில் நபி (ஸல்) அவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாருக்கான பணிகளில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்றார்கள் அன்னை ஆயிஷா (ரலி). இரவில் அழும் குழந்தையைத் தூக்கிக்கொள்ளும் தந்தை இருக்கும் வீட்டில், இரண்டாவது குழந்தையைப் பற்றிய பேச்சுக்குத் தாய் அஞ்சமாட்டாள்.

எத்தனை பிள்ளைகள் என்பது கணவனும் மனைவியும் கலந்து முடிவெடுக்க வேண்டிய விஷயம். அதில் அரசுக்கோ, ஊருக்கோ, மாமியாருக்கோ இடமில்லை. ஆனால் அந்த முடிவை அவர்கள் அச்சத்தால் எடுக்கிறார்களா, நிம்மதியோடு எடுக்கிறார்களா என்பதில் நம் அனைவருக்கும் பங்கு உண்டு. கொரியா பணத்தைக் கொட்டியும் ஈரான் சட்டம் போட்டும் கொண்டுவர முடியாத அந்த நிம்மதியை, ஒரு மஹல்லா தன் வழக்கங்களைத் திருத்திக்கொள்வதன் மூலம் தன் பிள்ளைகளுக்குத் தர முடியும்.

கண்குளிர்ச்சியான வாழ்க்கைத் துணையையும் மக்களையும் நம் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக! பிள்ளைப் பேற்றுக்காகக் காத்திருப்போரின் ஏக்கத்தைத் தீர்ப்பானாக! நாளை பற்றிய அச்சத்தை நம் நெஞ்சங்களிலிருந்து அகற்றி, நிகாஹை எளிதாக்கும் சமுதாயமாக நம்மை ஆக்குவானாக! ஆமீன்.